வயிற்றுக்குள் ஒரு இருதயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகக் குடும்பத்துக்கு ஒரு காம்பிரா; காம்பிராவுக்குக் காம்பிரா சுவர் உண்டு. கூரை வரைக்கும் போகாது. ஆகவே பக்கத்துக் காம்பிரா லெட்சுமி வீட்டுச் சங்கதிக்கு நான் ஒன்றும் காதைத் தீட்ட வேண்டியதில்லை.

லெட்சுமி மகள் லோஜினிக்குக் கண்டியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. "எம் மக இருதயம் மாத்தி வைக்கிறா" என்று லெட்சுமி மலை முழுக்கப் பரப்பியிருந்தாள். பொய்யில்லை. எலிக்கு என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

மேல் லயத்துக் கந்தப்பனுக்கு இருதய வால்வு பழுது. கண்டியில் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் புலி. தன் நெஞ்சில் கத்தி என்றதும் நடுக்கம். தீபாவளிக்கு வந்த லோஜினியைக் கேட்காமல் போகமாட்டேன் என்று வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றார்.

"பாப்பா, நீ வைக்கிற இருதயமெல்லாம் ஓடுதா?"

வேலையைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு வாய் நிற்காது. "ஓடும் மாமா. பழச எடுக்க மாட்டோம். புதுச வயித்துக்குள்ள வச்சு, மயிரவிட மெல்லிசான நூலால ரத்தக் குழாயோட தைப்போம். தெனமும் வயித்தத் தொட்டுப் பாப்போம்."

"துடிப்பு நின்னா?"

"அறுத்துப் பாப்போம்."

"நிக்காட்டி?"

"நாள் வந்ததும் அதையும் அறுத்துத்தான் பாப்போம்."

கந்தப்பன் வயிற்றைப் பொத்திக்கொண்டார். "இல்ல மாமா, இது எ..." என்று லோஜினி தொடங்கவும், "தேத்தண்ணி ஆறுது, குடிங்கண்ணே!" என்று லெட்சுமி கத்தினாள். அவர் போனபின் சுவருக்கு மேலே கேட்டது: "எலின்னு சொல்லி எம் மானத்த வாங்காத! அவருக்கு நான் சொல்லிக்கிறேன்." அதை நம்பி மறுநாள் லோஜினி பஸ் ஏறிவிட்டாள். லெட்சுமி வாயே திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்குமா? கந்தப்பனிடம் சொல்ல மேல் லயத்துக்கு ஏறினேன்.

"வாங்க, லயத்து ரேடியோ! எம் மச்சினி ஓடிப்போனான்னு சொன்னது நீங்கதானே? அவ நுவரெலியாவுக்குத் துணி எடுக்கப் போயிருந்தா."

"அது வேற. இது நெசம். அவ வெட்டுறது எலிய."

"எலிக்கு எவனாச்சும் இருதயம் மாத்துவானா? பொய்க்கும் ஒரு அளவு வேணாமாக்கா?" பொஞ்சாதியும் சேர்ந்து சிரித்தாள்.

ஒப்பரேசன் நாளன்று கந்தப்பன் கண்டிக்குப் போகவில்லை, கவ்வாத்துக்குப் போனார். அந்த வாரமே, வெட்டிய தேயிலைக்கு நடுவில் சரிந்தவரைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள்.

எழவு வீட்டில் லெட்சுமியின் ஒப்பாரிதான் உசத்தி. "எம் மக கையில குடுத்திருந்தா பொழச்சிருப்பீங்களே அண்ணே!" கந்தப்பன் பொஞ்சாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று அழுதாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சுவருக்கு மேலே ஸ்பீக்கரில் போட்ட போன் சத்தம்.

"கந்தப்பன் மாமா ஒப்பரேசன் முடிஞ்சு வந்துட்டாராம்மா?"

"நல்லா இருக்காரு. நீ ஒன் வேலயச் சொல்லு."

"இன்னிக்கு ஒண்ணு வச்சேன்மா. ரத்தக் குழாயில போட்ட கிளிப்ப எடுத்ததும் டக்குனு துடிக்க ஆரம்பிச்சிருச்சு!"