நீண்ட சஜ்தா

“வலிக்கு இப்படி ஒரு ஊசி இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மெஹராஜிடம் அவள் கணவர் நியாஸ் இப்படிக் கேட்டபோது, அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். குரலில் கோபமில்லை. நேற்று மழை பெய்ததா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். மெஹராஜின் கை நின்றது. கண்ணில் வந்த நீருக்கு வெங்காயத்தைக் காரணம் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது?

அண்ணன் முகமது பாரூக்கோடு சேர்ந்து பேகம்பூரில் தோல் மண்டி நடத்தியவர் நியாஸ். அவருடைய கணையத்தில் புற்றுநோய் என்று கடந்த ரமலான் நோன்புக்கு வெகு முன்பே மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மெஹராஜையும் பாரூக்கையும் தனியே உட்காரவைத்துச் சொன்னார். நோய் பரவிவிட்டது, இனி அறுவை சிகிச்சையால் பயனில்லை. ஆனால் வலிக்கு வழி உண்டு. மாத்திரை போதாமல் போனால், வயிற்றுக்குப் பின்னால் வலியைக் கடத்தும் நரம்புக் கூட்டத்தில், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போட்டு அதை மரத்துப்போகச் செய்யலாம். நோய் போகாது, வலி பெரும்பாலும் அடங்கும். அதற்கு முன் நியாஸிடம் உள்ளதைச் சொல்லி, அவருடைய சம்மதம் வாங்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் டீயை ஆற்றிக்கொண்டே பாரூக் சொன்னார்: “சாகக் கெடக்கறவனுக்குப் போடுற ஊசி தாயி அது. சொன்னோம்னா தம்பி அன்னிக்கே ஒடஞ்சு உக்காந்துருவான். வயித்துப்புண்ணுன்னு சொல்லிருவோம். என்ன?”

மெஹராஜ் தலையாட்டினாள்.

மாத்திரைக்கு வலி கொஞ்ச நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மல்லாந்து படுத்தால் வயிற்றில் பிடித்த வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். நியாஸ் தலையணையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார். நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் சஜ்தாவில் குனிந்து கிடந்தால் வலி சற்று விடுகிறது என்று எப்படியோ கண்டுகொண்டார். அதிலிருந்து, தொழுகைப் பாயில் சஜ்தாவுக்குப் போனால் எழுந்திருக்கவே மாட்டார்.

பார்த்தவர்கள் சிலிர்த்துப்போனார்கள். “ஒரு ஆட்டுத்தோலுக்கு அம்புட்டு பேரம் பேசுவான். இப்பப் பாருங்க, அவுலியா ஆயிட்டான், பெரிய மகான்!” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சிரித்தார் பாரூக். பாயைச் சுருட்டும்போது மெஹராஜ் அதன் ஓரத்தைப் பார்ப்பாள். பல் பதிந்து நூல் பிரிந்திருக்கும். பேசாமல் சுருட்டி வைப்பாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஹுஸ்னா வந்து, “எம்மகளுக்கு மாப்பிள்ள அமையணும். ஒங்க சஜ்தாவுல எனக்கும் ஒரு துஆ கேளுங்கண்ணே” என்றாள்.

நியாஸ் பாயிலிருந்து முகத்தைத் தூக்கினார். “நான் எங்கம்மா தொழுவுறேன்? குனிஞ்சு கெடந்தா வலி செத்த விடுது, அம்புட்டுத்தான். ஓதக்கூட வாய் வரமாட்டேங்குது. அல்லாவையே ஏமாத்திக்கிட்டுக் கெடக்கேன்” என்று சொல்லிக் குழந்தைபோல அழுதார்.

சமையற்கட்டில் நின்ற மெஹராஜின் காதில் அது விழுந்தது. வலி போதாதென்று, செய்யாத பாவத்தையும் அந்த மனுஷர் தலையில் ஏற்றிவிட்டோமே!

மறுநாள் காலை, யாரிடமும் கேட்காமல் அவரை மதுரைக்கு அழைத்துப்போனாள். டாக்டரே பக்குவமாக நோயைச் சொன்னார். நியாஸ் உடைந்து உட்காரவில்லை.

“இவ மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன் டாக்டர். வலிக்கு எதுவும் இருக்கா?” என்றுதான் கேட்டார்.

டாக்டர் ஊசியைப் பற்றிச் சொல்ல, நியாஸ் சம்மதித்தார். குப்புறப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். ரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் பார்த்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி அடியோடு போய்விடவில்லை. எட்டப் போய் நின்றுகொண்டது. கட்டிலில் மல்லாந்து படுத்து, சுற்றும் மின்விசிறியை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுத்தான் நியாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நோன்புக்கு முன்னாடியே தெரியும்ங்க” என்றாள் மெஹராஜ்.

அந்நேரம் பாரூக் உள்ளே வந்தார். தம்பி நிமிர்ந்து படுத்திருப்பதைக் கண்டதும், “மாஷா அல்லாஹ்! பாத்தியா தாயி, பொறுமையா இருந்ததுக்குக் கூலி!” என்றார்.

மெஹராஜ் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கணவரின் அண்ணனை அதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள்.

“பொறுமையில்ல மச்சான், நாம பண்ணுன கொடும. நோயத் தீக்க நம்மளால முடியாது. வலியத் தீத்திருக்கலாம். சாவப் பத்திப் பேசப் பயந்துக்கிட்டு, உசுரோட இருக்கறவர வலியில போட்டு வச்சிருந்தோம். நோயாளிகிட்ட உண்மைய மறைக்கக் கூடாது. கொறைக்கக்கூடிய வலியத் தாங்கிக்கோன்னு சொல்ல யாருக்கும் உரிமையில்ல. இத நான் வீடு வீடாப் போயிக்கூடச் சொல்லுவேன். ஆனா இவரு வலியில கெடந்த நாளையெல்லாம் யாரு திருப்பிக் குடுக்கறது?”

பாரூக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு ஒலித்தது. நியாஸ் மெல்ல எழுந்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, கூன் விழாத முதுகோடு வாசலுக்கு நடந்தார். தெருமுனைக்குப் போனாலும் “வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அந்த ஒரு சொல்லுக்காக மெஹராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனார்.