எலோயின் வலது கை

1

எலோய் என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கதை. ஊர்ப் பத்திரிகைக்குக் கதை எழுதுவது என் வழக்கம்; முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் துணிச்சலில்லாமல் இதையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஸ்பெயினின் நவார்ரா மாநிலத்து மழையில் ஒரு தடுப்பாட்டக்காரர் தனியாக…" (அடித்துவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை.)

இரண்டாவது: எலோய் சன்சினேனா முழங்கால் தேயும்வரை எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடினார். ஊர் அவரை ஒரே ஒரு கோலுக்காக நினைவில் வைத்திருக்கிறது. மேல்பிரிவுக்கு ஏறவேண்டிய ஆட்டத்தில், "ஆஃப்சைடு" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். கோட்டு நடுவரின் கொடி எழவில்லை. எதிரணிக்காரன் நிதானமாகப் போய் கோல் போட்டான். வலது கையைத் தூக்கியபடி அவர் நிற்கும் புகைப்படம் இன்னும் மதுக்கடைச் சுவரில் தொங்குகிறது. அங்கே காபியும் கிடைக்கும்; அந்தப் படத்தின் கீழேதான் அவர் தினமும் காபி குடிக்கிறார்.

இருக்கட்டும், இதுவே தொடக்கம்.

2

இப்போது அவர் பதினாறு வயதுக்குட்பட்டோரின் பயிற்சியாளர். அவரிடம் ஒரே சட்டம்தான்: கை தூக்கக்கூடாது.

"கையத் தூக்குறவன் ஓட்டத்த நிறுத்திடுறான்டா. யாரோ வந்து காப்பாத்துவாங்கன்னு நிக்கிறான். ஒருத்தனும் வரமாட்டான். ஓடு."

"மிஸ்டர், ஒண்ணுக்குப் போகணும்னாலும் தூக்கக்கூடாதா?" இது ஓயர், அணியின் நடுத் தடுப்பாட்டக்காரன். எங்கள் ஊரில் பையன்கள் பயிற்சியாளரை "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதுக்கும் ஓடு."

[ஓயரை, எலோயோடு அன்று ஆடிய ஒருவரின் மகனாக்கிப் பார்த்தேன். கதை பல்லிளித்தது. அவன் ரொட்டிக்கடைக்காரியின் மகன்.]

3

போன சனிக்கிழமை ஆட்டம்; தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் என்ற நிலை. ஆட்டம் முடியப்போகிறது, சமன். பையன்கள் ஆட்டத்தில் கொடி பிடிக்க ஆள் கிடையாது. நடுவர் ஒரே ஒரு பெண், அவளும் தூரத்தில். உயரமாக ஒரு பந்து வந்தது. எங்கள் தடுப்பு வரிசை எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்க முன்னேறியது. ஓயர் ஓடாமல் நின்றுவிட்டான். எதிரணிப் பையன் தனியாக

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

இறங்கிவிட்டோம்.

4

மறுநாள் மதுக்கடையில் எலோய் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சர்க்கரை போடாமலேயே காபியைக் கலக்கினார்.

"நேத்து நீ மைதானக் கம்பிக்கிட்டதான நின்ன. ஓயர் கையத் தூக்கினானா இல்லியா?"

"அவன் என்ன சொல்றான்?"

"தூக்கலங்கிறான். அப்புறம் ஏன்டா நின்னேன்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். பொய் சொல்ற பயல வச்சு நான் என்ன பண்ண? அடுத்த சீசனுக்கு அவன் வேணாம்னு கிளப்புல சொல்லிடப்போறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. எழுதித் தர்றேன்."

"தூக்கினான், தூக்கல. ஒரு வார்த்தைக்கு உனக்கு ஒரு வாரமா?"

5

முடிவு ஒன்று: ஓயர் கை தூக்கினான். (பொய்.)

முடிவு இரண்டு: ஓயர் அழுகிறான், எலோய் அணைத்துக்கொள்கிறார். (அதைவிடப் பெரிய பொய்.)

நான் பார்த்தது இது. ஓயரின் கை தொடையோடு ஒட்டியிருந்தது. பந்து காற்றில் இருக்கும்போது அவன் ஒரு தடவை கோட்டோரம் திரும்பினான். அங்கே அவனுடைய மிஸ்டர் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார், மதுக்கடைச் சுவர்ப் படத்தில் நிற்பது போலவே. அது அவருக்கே தெரியாது. ஓயருக்குத் தெரியும்.

ஊர்ப் பத்திரிகையில் இது வந்தால் எலோய் தாங்குவாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் முடிவை வாசகரிடம் விடுகிறேன், ஒரே ஒரு வாசகரிடம்.

எலோய், இதற்கு வேறு பிரதி இல்லை. உன் காபித் தட்டுக்கு அடியில் வைக்கிறேன். கிழிப்பதோ பத்திரிகைக்குக் கொடுப்பதோ உன் பாடு. வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ என்ன செய்தாய் என்று அவர்களே தெரிந்துகொள்ளட்டும்.

ஓயரின் அம்மாவுடைய ரொட்டிக்கடை இரண்டு மணி வரை திறந்திருக்கும்.