சாய்ந்த படகில் பால் காய்ச்சினார்கள்

அத்திபெலேயில் ஒரு மரக்கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் ஒரு படகின் வயிறு மட்டும் நின்றுகொண்டிருந்தது. மூக்கு கிடையாது, பாய்மரம் கிடையாது. படகைக் கட்டுமுன் சரிபார்க்க ஒட்டுப்பலகையில் அடித்த உள்ளறை மட்டும்தான். கடல் எங்கே, அத்திபெலே எங்கே! சுற்றிலும் ஓசூர் லாரிகள்தான் ஹாரன் அடித்தன. ஆனால் அலர்மேல்மங்கைக்கு அன்றைக்கு உலகமே அந்த வயிற்றுக்குள்தான் இருந்தது.

கொச்சியில் கப்பல் கட்டுமானம் படித்தவள். பெங்களூரே கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு விழுந்தடித்து ஓடிய தொண்ணூற்றெட்டில், அவள் மட்டும் சந்தானத்தின் சின்ன ஆபீசில் உட்கார்ந்து படகு வரைந்தாள். பைத்தியம் என்று வீட்டில் சொன்னார்கள். சொல்லட்டுமே! சரக்குக் கப்பலில் ஆயுசைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற காக்ஸ் டவுன் கேப்டன் ஓஸ்வால்ட், பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்தி உலகம் சுற்றவேண்டும் என்று வந்து நின்றாரே, அப்போது யாரைத் தேடினார்கள்?

ஓஸ்வால்டுக்கு ஆசை இருந்தால் போதுமா? அவர் மனைவி சாந்தகுமாரி கறாராகச் சொல்லிவிட்டார். "சமைக்க முடியணும், தூங்க முடியணும். இல்லேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

அந்த அம்மாள் இன்று தலையாட்டினால் அலர்மேலு வரைந்த படகு. இல்லையென்றால் சந்தானம் வரைந்த படகு. சந்தானத்தின் படகில் நடுவே பெரிய ஹால், இரண்டு பக்கமும் சோபா, பார்க்கக் கல்யாண மண்டபம்தான். அலர்மேலுவின் படகில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும்.

"என்னம்மா இது, ரயில் பெட்டி தேவலையே?" என்றார் சந்தானம், பத்தாவது முறையாக.

"நடுக்கடல்ல படகு ஒரு பக்கமா சாஞ்சே ஓடும் சார். உங்க ஹால்ல நின்னா இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவத்துக்குப் பறக்கணும். இங்க இடுப்பு ரெண்டு பக்கமும் முட்டும், விழவே முடியாது."

அவர் முகம் சுளித்தார். ஆனாலும் புது வீடு என்றால் பால் காய்ச்சியாகவேண்டும் என்று பாலும் பாத்திரமும் கொண்டுவந்தவர் அவர்தான். காய்ச்சட்டும், சாய்த்துவைத்தே காய்ச்சட்டும் என்றாள் அலர்மேலு. ஊஞ்சல் போலத் தொங்கும் அடுப்பு அவளுடையது. படகு எவ்வளவு சாய்ந்தாலும் அடுப்பு ஆடி நிமிர்ந்துகொள்ளும்.

பாலை வைத்துப் பற்றவைத்தாள். தச்சர் ராஜேந்திரன் ஒரு பக்கத்தில் லாரி ஜாக்கிகளைக் கொடுத்து ஏற்ற ஆரம்பித்தார். அறை சாய்ந்தது. அடுப்பும் கூடவே சாய்ந்தது. பால் தளும்பி, வழிந்து, அடுப்பை அணைத்துத் தரையெல்லாம் ஓடியது.

அலர்மேலுவின் முகத்தில் ஈயாடவில்லை. "அபசகுனம்" என்று சந்தானம் முணுமுணுத்தார். சாந்தகுமாரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு!

ஆனால் அவள் அழுகிற ஜாதி இல்லை. குனிந்து பார்த்தாள். சுவரைப் பார்த்திருக்கவேண்டிய அடுப்பு படகின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது! அப்படி வைத்தால் அது முன்னும் பின்னும்தான் ஆடும், பக்கவாட்டில் அசையாது.

"ராஜேந்திரன், அடுப்பை யாரு திருப்பினது?"

"சார்தான் மேடம், நேத்து வந்து திருப்பச் சொன்னாரு."

"சமைக்கறவா கிழக்கே பார்த்து நிக்கணும் இல்லையா? வாஸ்து" என்றார் சந்தானம், கொஞ்சம் சுருதி இறங்கி.

"அய்யோ சார்! படகுக்கு ஏது கிழக்கு? காலைல இருக்கற கிழக்கு மத்தியானம் இருக்காதே!"

ஓஸ்வால்ட் கொட்டகை அதிரச் சிரித்தார். சாந்தகுமாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பை கீழே இறங்கியது.

அடுப்பைத் திருப்பி மாட்டினார்கள். புதுப்பால். இம்முறை சாந்தகுமாரியே உள்ளே போய் நின்றார். ஜாக்கி ஏறியது. தரை சாய்ந்தது, சுவர் சாய்ந்தது, அந்த அம்மாளின் இடுப்பு மேடையில் பதிந்து நின்றது. அடுப்பு மட்டும் அசையாத சாமி. பால் பொங்கி எழுந்து நாலு பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது.

"சக்கத்தா இருக்கு மேடம், பிரமாதம்!" என்று ராஜேந்திரன் வெளியிலிருந்து கத்தினார்.

"அடுப்பு சரி. தூக்கம்?" என்றார் சாந்தகுமாரி.

அலர்மேலு தாழ்ந்த பக்கத்துப் படுக்கையைக் காட்டினாள். ஒடுக்கமானது. உருண்டு விழாமல் இருக்கப் பக்கத்தில் கித்தான் தடுப்பை இழுத்துக் கட்டினாள். சாந்தகுமாரி சந்தேகத்தோடு ஏறிப் படுத்தார். தலையணையைத் தட்டினார். தலைக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சத்தமே இல்லை.

சந்தானம் எட்டிப் பார்த்தார். வெளியே ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. உள்ளே மெல்லிய குறட்டை.

"எழுப்பாதீங்க" என்று ஓஸ்வால்ட் கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. "ஒரு தடவை எங்க கப்பல்ல கூட்டிட்டுப் போனேன். பொட்டுத் தூக்கம் இல்ல இவளுக்கு."

சந்தானம் தன் வரைபடத்தை மெல்லச் சுருட்டினார். "உன் படகையே கட்டிடலாம்மா" என்றார். நல்ல மனுஷன், தோற்றால் தோற்றேன் என்று சொல்லத் தெரிந்தவர். அலர்மேலுவுக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதித்தால் படகு ஆடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜாக்கியை இறக்கப் போன ராஜேந்திரனைக் கையைக் காட்டித் தடுத்தாள்.

வெயில் சாயும் நேரத்தில்தான் சாந்தகுமாரி கண் விழித்தார். கித்தானுக்கு மேல் தலையை நீட்டி, சாய்ந்த சுவரையும் சாய்ந்த மனிதர்களையும் ஒரு சுற்று பார்த்தார்.

"எந்த ஊரு வந்திருக்கு?" என்றார்.