சின்னராஜ் ஜீப்பின் பாட்டு

புது ஸ்டீரியோவைச் சின்னராஜ் மூன்றாவது முறையாக ஜீப்பின் டேஷ்போர்டுக்குள் தள்ளினான். அது மூன்றாவது முறையாகப் பாதியில் நின்றது.

"அளவு ஒண்ணுதான்னு சொல்லிக் குடுத்தானே, அவன் நாசமாப் போவ!"

டார்ச் பிடித்திருந்த மனைவி கலைவாணி, "திருப்பத்தூர்லயே மாட்டிக்கினு வந்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

வந்திருக்கலாம்தான். நேற்று பழையதைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகல்லவா கடைக்காரன், மாட்டுகிற ஆள் மறுநாள்தான் வருவான் என்றான்! இன்றைக்குச் சவாரியை நிறுத்த முடியுமா? மேட்டு ஊர் செந்தாமரைக்கு இன்று திருப்பத்தூரில் அரசாங்க வேலைக்கான பரீட்சை. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அவள் ஊரில் செல்போன் எடுக்காது. ஹாரனை ஒருவரும் சட்டை செய்ய மாட்டார்கள். ஊருக்குக் கீழே இருக்கும் மலைரோட்டு வளைவில் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும். ஜீப்பில் பாட்டு கேட்டால்தான் மேட்டு ஊர்க்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள்.

ஓட்டையை அரத்தால் ராவினான். விரலையும் சேர்த்து ராவிக்கொண்டான். வயரை மாற்றி முறுக்கியதில் ஃபியூஸ் போயிற்று. வைப்பரின் ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டான். ஏழேகாலுக்கு ஒருவழியாகப் பாட்டு வந்தது. பென் டிரைவில் நானூறு பாட்டு! அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வளைவில் நிறுத்தி, சத்தத்தை முழுக்க வைத்தான். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டு முடிந்தது. மேலேயிருந்து ஒரு ஈ காக்கை இறங்கவில்லை.

"வேற யார் வண்டியோன்னு இருப்பாங்க. உன் பாட்டு எங்கப்பா?" என்றாள் பின்சீட்டில் சவாரி வந்த மங்கம்மாள்.

அப்போதுதான் சின்னராஜுக்கு உறைத்தது. பழைய ஸ்டீரியோவில் ஒரு மாரியம்மன் பாட்டு சிடி மாட்டிக்கொண்டு மூன்று வருடமாக வெளியே வரவில்லை. தினமும் அதே பாட்டு. 'தாயே' என்ற இடத்தில் தினமும் அதே திக்கல். அது சலித்துப்போய்த்தானே புதிது வாங்கினான்! இப்போது அந்த சிடி கடைக்காரனிடம் இருக்கிறது. மணி ஏழே முக்கால். ஓடி மேலே ஏறிக் கூட்டி வந்தாலும் அரை மணி நேரம் போய்விடும், அதற்குள் அங்கே கேட்டை மூடிவிடுவார்கள்.

எரிச்சலோடு ஸ்டீரியோவை அணைத்தான். பானெட்டின் மேல் ஏறி நின்று, இரு கைகளையும் வாயில் குவித்து, அந்த மாரியம்மன் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினான். 'தாயே' வந்ததும் பழக்கதோஷத்தில் அவனும் திக்கினான்: "தாயே... தாயே... தாயே..."

கொஞ்ச நேரத்தில் மேலே சரளைக்கல் உருண்டது. ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி செந்தாமரை மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

"அண்ணா, சொல்றேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க," என்றாள். "அந்த ஸ்டீரியோவ மொதல்ல மாத்துங்க. இன்னிக்கி ரொம்பக் கேவலமாப் பாடுது."