எலுமிச்சைக்கு ஒரு கொதிகலன்

என் மனைவி செத்துப்போன பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. அவள் விதை போட்டு வளர்த்த எலுமிச்சை பின்கட்டுக் கண்ணாடி அறையில் நின்றது. அறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உடைத்த பேருந்துகளின் ஜன்னல்களை வாங்கி நான் அடித்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே. பனி இறங்கினால் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்போம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்போது மரம் என் தோள் உயரம். ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது, வாசலிலும் நுழையாது. அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பிஞ்சு விட்டிருந்தது. அதைச் சாகவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? செத்தவள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லைதான். ஆனாலும்.

அவள் தம்பி பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன். வெயில் காலத்திலேயே வந்து சோலார் தகடு ஒன்றைக் கூரையில் மாட்டி, பழைய பேட்டரியோடு இணைத்து, குளிர்காலத்தில் வெளிச்சம் பத்தாது என்று செடிக்கு விளக்குப் போட்டுக் கொடுத்திருந்தான். நான் ஆயுசு முழுக்க நூல் ஆலைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன். குளிர் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து நெருப்பு. அதே பேட்டரியில் சூடேற்றும் சுருள் ஒன்றையும் மாட்டிவிட்டேன். பொழுது சாய்ந்ததும் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சுருளும் ஆறிவிட்டது, விளக்கும் அவிந்துவிட்டது. காலையில் இலைகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கின.

போன் போட்டேன், வந்தான்.

"பேட்டரியில அடுப்பெரிச்சிருக்கீங்களே அத்தான். அது என்ன உங்க ஆலைக் கரிக்கிடங்கா, அள்ள அள்ள வர?"

"நீ மாட்டின தகடு ஒழுங்கா இருந்தா ஏன் தீருது?"

கூரையைப் பார்த்தான். பேருந்துக் கூரையில் மாட்டிய பழக்கத்தில் தகட்டைப் பாய் விரித்த மாதிரி படுக்க வைத்திருந்தான். குளிர்காலச் சூரியனோ, வேலைக்குப் பிந்தி வந்தவன் மாதிரி ஓரமாகவே நழுவிப் போகிறது. தகட்டின் மேல் பனி வேறு அப்பிக் கிடந்தது.

"பஸ் எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாதுல்ல, அதான் படுக்க வைப்போம்."

"இந்த வீடு எங்கயும் திரும்பாது மாப்ளே."

சிரிக்காமல் ஏணி கேட்டான். தகட்டை வெயிலுக்கு நேராக நிமிர்த்திக் கட்டிவிட்டு இறங்கி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுவும் பத்தாது அத்தான். ராத்திரி பூரா சுருள் எரியணும்னா தெருவையே தகடாக்கணும்" என்றான்.

எனக்கு ஆலை ஞாபகம் வந்தது. நெருப்பை அணைத்த பிறகும் கொதிகலன் தண்ணீர் விடியும்வரை சூடாகவே கிடக்கும். அதன் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நூல் பிரிக்கும் பெண்கள் மணி அடிக்கக் காத்திருப்பார்கள். அவளும் நிற்பாள், வெடித்த விரல்களை ஊதிக்கொண்டு. "சுவரு ஆறிக் கிடக்கே, தூங்கிட்டீங்களா?" என்று முதன்முதலில் என்னிடம் பேசியதே சண்டையாகத்தான். மறுநாள் கரியைக் கூடுதலாக அள்ளிப் போட்டேன். மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆலையை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

"தண்ணி, மாப்ளே. சூட்டைத் தண்ணிதான் புடிச்சு வைக்கும்."

டீயைக் கீழே வைத்தான். "அப்ப பகல்ல, வெயில் அடிக்கும்போது மட்டும், தகட்டுலேருந்து நேரா தண்ணிக்குள்ள சூடேத்துவோம். பேட்டரி விளக்குக்கு மட்டும் இருக்கட்டும்."

எண்ணெய் டிரம் ஒன்றைக் கழுவி, கறுப்பு பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, வெயில் விழும் பக்கம் வைத்தோம். தண்ணீருக்குள் போடுகிற சுருள் ஒன்றை அவன் கொண்டுவந்தான். கண்ணாடி இடுக்குகளில் துணி அடைத்தேன்.

பிஞ்சுகள் தங்கவில்லை. ஒவ்வொன்றாக உதிர்ந்தன, பிறகு இலைகளும். குளிர் உச்சத்துக்கு ஏறிய ஒரு காலையில் வெளியே வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. உள்ளே டிரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மொட்டைத் தண்டை நகத்தால் கீறினேன். பச்சையாக இருந்தது. இன்னும் கீழே கீறினேன். அங்கேயும் பச்சை.

பின்னாலேயே வந்த மச்சினன் குனிந்து பார்த்தான். "அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்."

"மண்ணு. காய் எங்கேன்னு கேட்டிருப்பா."

அவன் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கதவைச் சாத்து, சூடு போகுது" என்றேன்.