காயம் எங்கே?

என் தங்கை கபொனேசா நான்காவது முறையாகப் பிறந்த வீட்டுக்கு ஓடிவந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எங்கடி அடிச்சான்?" என்பதுதான். கேட்ட வாயை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

முந்தைய மூன்று முறையும் உடம்பே சாட்சி சொன்னது. உடைந்த பல், வீங்கிய கண், ஒருமுறை கட்டுப்போட்ட கை. ஒவ்வொரு முறையும் அவள் புருஷன் ககோரோ ஓர் ஆட்டை ஓட்டிவந்து அப்பா முன் மண்டியிட்டான். ஆட்டை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவைத்தோம். அவ்வளவு நல்லவர்கள் நாங்கள்.

இந்த முறை முதுகுவரை துணியை விலக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"அடிக்கலக்கா. அடிச்சு எட்டு மாசமாச்சு."

"அப்புறம் எதுக்குடி வந்தே?"

"என்னை அப்வோலின்னு யாருமே கூப்பிடறதில்ல. 'அந்தப் பேருக்கு இவ லாயக்கில்ல, ஏய்னு கூப்பிடுங்க'ன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. சின்னவ சோறு கேக்கறப்பவும் 'ஏய்'ங்கறா."

எங்கள் டோரோ நாட்டில் எல்லோருக்கும் இன்னொரு பெயர் உண்டு. இருப்பதே பன்னிரண்டோ என்னவோதான்; அதில் ஒன்றைப் பிறந்ததும் வைப்பார்கள். பெற்ற தாயைப் பிள்ளைகள் கூப்பிடுவதும் அந்தப் பெயரால்தான். அன்பும் மரியாதையும் அதில்தான் இருக்கிறது. அவள் அப்வோலி, நான் அட்யேரி.

அப்பா சிரித்தார். "கூப்பிடலன்னா ரத்தமா வருது? அடிய நிறுத்திட்டான்ல, சந்தோசமா இரு. காயமில்லாம பஞ்சாயத்துக்கு எவன் வருவான்?"

நானும் தலையாட்டினேன். கேழ்வரகு மாவு கட்டிக்கொடுத்துப் பேருந்து வரை கொண்டுபோய் விட்டேன்.

"போயிட்டு வரேன் அட்யேரிக்கா" என்று சொல்லிவிட்டு ஏறாமல் நின்றாள்.

"சரி சரி, ஏறு, வண்டி போயிடும்" என்றேன்.

எதற்காக நின்றாள் என்பது பேருந்து போனபிறகும் எனக்கு உறைக்கவில்லை. நான் ஒரு முறை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். காசா பணமா?

அறுவடை முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். ஊர்க்கிணற்றடியில் பெண்கள் கூட்டம். நடுவில் என் தங்கை, பாதியாய் இளைத்து, குடத்தில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்வோலி" என்று கூப்பிட்டேன்.

அந்தப் பெயர்க்காரிகள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற அவளுடைய சின்ன மகள் என்னைப் பார்த்துவிட்டு அவள் பாவாடையை இழுத்தாள்.

"ஏய்."

உடனே திரும்பினாள்.