நாலு மணிக்குள் ஒரு சத்தம்

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற துப்பாக்கிகள் வருடத்துக்கு ஒருமுறை நேர்காணலுக்கு வந்து, உயிரோடு இருப்பதைச் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும். சித்திரை கடைசி நாள் மாலை நாலு மணிக்குள் சத்தம் வராவிட்டால், இறந்ததாக எழுதி உலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவற்றுக்குத் தோட்டா கட்டிக் கொடுப்பது என் வேலை. அந்த அளவுகளில் இப்போது எந்தத் தொழிற்சாலையும் தோட்டா செய்வதில்லை. வேறு தோட்டாவின் பித்தளைக் கூட்டை வெட்டி அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தை எடை பார்த்துப் போட்டு, மேலே ஈயக் குண்டைப் பொருத்த வேண்டும். மருந்து போடும்போது யாராவது பேசினால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். "போட்டேன்னு நினைக்கிறேன்" என்று சொல்பவன் கையில் அஞ்சு விரல் மிஞ்சாது. சுட்டு முடிந்த எதையும் ஆறவைத்து லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் குறட்டால் நசுக்கிப் போடுவேன், தெரியாமல் யாரும் மறுபடி எடுத்துவிடக் கூடாதல்லவா. ஊரில் என்னை நச்சுப் பிடித்தவன் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இந்த வருடம் கடைசியாக வந்தவர் செசிலியா டீச்சர், தன் வீட்டுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து அழைத்துக்கொண்டு. அது வனத்துறையில் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு பதினெட்டு வருடமாக டீச்சர் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறது. இருவருக்கும் வேறு ஆளில்லை.

மணி மூன்றரை. அதன் அளவுக்கு என்னிடம் ஒரே ஒரு கூடுதான் மிச்சம். மருந்தைப் போட ஆரம்பித்தேன்.

"டீ சொல்லட்டுமா?" என்றார் நேர்காணல் அலுவலர் கஜபதி.

கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். முதல் வேலை கூட்டைப் பார்ப்பது. இந்த முறை பார்த்தபோது விளிம்பில் விரிசல் தெரிந்தது. நசுக்கினேன்.

டீச்சர் அழுதுவிட்டார். "கண்டும் காணாம விட்டிருக்கலாமே சார். ஒரே ஒரு சத்தம்தானே?"

"உங்க துப்பாக்கியோட நெஞ்சு வெடிச்சிரும் டீச்சர்."

"வெடிச்சாலும் சத்தம்தானே, எழுதிக்கலாம்" என்றார் கஜபதி. அவருக்கு அஞ்சு மணிக்குப் பஸ். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கூட வசிக்கிறவங்க அதுக்குப் பதிலாச் சத்தம் தரலாம்னு இருக்கு."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை என் மேசையில் வைத்துவிட்டு, சுடுவதற்குப் போட்டிருக்கும் கோட்டில் போய் நின்றார். தோட்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்பு எடுத்தவர்.

மூணு அம்பத்தெட்டுக்கு டீச்சர் வாயிலிருந்து சத்தம் வந்தது. எதிரே மண்மேட்டில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம். கஜபதி "உயிரோடு உள்ளது" என்று எழுதி முத்திரை குத்தினார். டீச்சர் துப்பாக்கியைத் தடவிக் கொடுத்துச் சிரித்தார்.

டீச்சர் ஆறும்வரை காத்திருந்து லென்ஸை எடுத்தேன். அவருடைய இடது காதுக்குப் பின்னால் மயிரிழை விரிசல்.

கண்டும் காணாமல் விடலாமா என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. குறடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றேன்.

"நல்லாப் பாருங்க சார், தராசுக்குப் பின்னாடியே இருக்கு."

டீச்சரே எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார்.